கிங் கிரிம்சனின் ‘யு.எஸ்.ஏ.’: 1974 மேடையில் டேவிட் கிராஸ் எங்கே?

தட்டுப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

இந்தத் தட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘சூப்பர் எனர்ஜி’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பேசலாம் என்றுதான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1974 கோடையில் இங்கிலாந்து ராக் குழுவான கிங் கிரிம்சன் அமெரிக்காவில் கச்சேரிகளுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூன் 28 அன்று நியூ ஜெர்சியின் ஆஸ்பரி பார்க் கடற்கரையில், காசினோ அரங்கில் வாசித்ததுதான் இந்தத் தட்டின் பெரும்பகுதி. கடைசிப் பாட்டான ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்’ மட்டும் ஜூன் 30, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பதிவானது. மறுநாள் ஜூலை 1, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கச்சேரி. அதோடு சரி. செப்டம்பரில் ராபர்ட் ஃபிரிப் குழு முடிந்துவிட்டது என்று அறிவித்தார். தட்டு கடைக்கு வந்தது 1975இல். அப்போது குழுவே இல்லை.

மேடையில் நான்கு பேர். கிட்டாரும் மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலியை எழுப்பும் கீபோர்டு) ஃபிரிப், பேஸும் குரலும் ஜான் வெட்டன், டிரம்ஸ் பில் புரூஃபோர்ட், வயலினும் கீபோர்டும் டேவிட் கிராஸ். ஆனால் உறையைத் திருப்பிப் பார்த்தால் ஐந்தாவதாக ஒரு பெயர் இருக்கும்: எடி ஜாப்சன். அப்போது ராக்ஸி மியூசிக் குழுவில் இருந்த, இருபது வயதுகூட ஆகாத இளைஞர். அவர் அந்த மேடை எதிலும் ஏறவில்லை. பின்னால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ இரண்டாம் பாகத்துக்கும் ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ பாட்டுக்கும் வயலின் வாசித்தார், ‘லமென்ட்’ பாட்டுக்குப் பியானோ வாசித்தார். கிராஸ் அன்று வாசித்தது அந்த இடங்களில் நீக்கப்பட்டுவிட்டது.

ஜாப்சன் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில் நடந்த பெரிய விஷயமே, நான்கு பேரில் ஒருவர் மற்ற மூவரின் சத்தத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார் என்பதுதான். இப்படி ஓவர்டப் (பதிவான ஒலியின் மேல் பிறகு வாசித்துச் சேர்ப்பது) செய்ததால் அந்த விஷயமே தட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. கிராஸைக் காதால் தேடிக்கொண்டே கேட்டால் இந்தத் தட்டு வேறு மாதிரி ஆகிவிடும். உங்கள் அனுபவம் என்ன?

---

நீலக்கோடு

வணக்கம் தட்டுப்பெட்டி. பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

தட்டு என்பது தட்டு. கச்சேரி என்பது கச்சேரி. இதே குழு ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ தட்டில் நேர் எதிரான வேலையைச் செய்தது. 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் கான்சர்ட்கெபௌ அரங்கில் வாசித்ததைப் பெருமளவு எடுத்து, கைதட்டலை வெட்டிவிட்டு, ஸ்டுடியோ தட்டு போலவே வெளியிட்டார்கள். ‘ஃபிராக்சர்’ அப்படி வந்ததுதான். முழுக்க ஸ்டுடியோவில் பதிவானவை ‘தி கிரேட் டிசீவர்’, ‘லமென்ட்’ இரண்டு மட்டுமே. மேடையை ஸ்டுடியோ என்று கொடுத்தபோது யாரும் கோபப்படவில்லை. ஸ்டுடியோவை மேடையோடு கலந்தால் மட்டும் ஏன் கோபம்?

1975இல் இந்தத் தட்டை வாங்கியவருக்குக் கையில் கிடைத்தது இந்த ஒலிதான். அதைப் பலரும் உயிராக நேசித்தார்கள். அதில் ஏதோ ‘காணாமல் போய்விட்டது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

தட்டுப்பெட்டி

ஆம்ஸ்டர்டாம் உதாரணம் சரியானது, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே கைதட்டலை எடுத்தார்கள், வாசித்த ஆளை எடுக்கவில்லை.

---

கன்சோல்காரன்

மேடை ஒலி வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராஸ் வாசித்தது ஏன் நீக்கப்பட்டது என்பதை விட, அவர் ஏன் அப்படி வாசிக்க வேண்டி வந்தது என்பதைப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

கிட்டாரில் ஃபிரெட் (சுரத்துக்கான கட்டங்களைப் பிரிக்கும் கம்பி) இருக்கிறது. வெட்டனின் பேஸிலும் இருக்கிறது. சரியான கட்டத்தில் விரலை வைத்தால், தன் சத்தம் தன் காதுக்குக் கேட்காவிட்டாலும் சுருதி பெரிதாகத் தவறாது. வயலினில் ஃபிரெட் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் ஒவ்வொரு நொடியும் திருத்துகிறது. தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை என்றால் சுருதி நகர்ந்துவிடும். அவர் திறமைசாலியா இல்லையா என்பது அதற்கு அப்புறம் வருகிற கேள்வி. மெல்லிசைக் குழு மேடைகளில் மானிட்டர் (வாசிப்பவருக்கே கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கர்) சரியில்லாத இரவுகளில் வயலின்காரர் தாடையை வாத்தியத்தோடு இறுக்கி அழுத்திக்கொண்டு, எலும்பு வழியாகவாவது கேட்க முடியுமா என்று பார்ப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

1974இன் மேடை மானிட்டர் இன்றைய தரத்தில் இல்லை. இந்தப் பக்கம் வெட்டன், அந்தப் பக்கம் புரூஃபோர்ட். இவர்கள் இருவரையும் ஃபிரிப்பே ‘பறக்கும் செங்கல் சுவர்’ என்று சொன்னவர். அந்தச் சுவருக்கு நடுவில் மரப்பெட்டியும் நான்கு தந்தியும் வைத்துக்கொண்டு நிற்கிறார் கிராஸ்.

இதற்கு மேல் மெல்லோட்ரான் வேறு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு, அழுத்தினால் சுமார் 8 நொடி ஓடும். மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், ஒரே நேரத்தில் நிறைய விசைகளை அழுத்தினாலும் டேப்பின் வேகம் மாறும், கூடவே சுருதியும். வயலினுக்கு ஆதார சுருதியாக இருக்க வேண்டியதே ஆடிக்கொண்டிருந்தால், அவர் யாரோடு சேர்ந்துகொள்வது?

---

ஏழிசை

கன்சோல்காரன் அண்ணா, இந்த விளக்கத்துக்கு மிக்க நன்றி. நான் பள்ளி நாளிலிருந்து கர்நாடக வயலின் கற்றுக்கொண்டவள். ‘கேட்கவில்லை என்றால் சுருதி நகர்ந்துவிடும்’ என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

என்னை இந்தக் குழுவுக்குள் இழுத்தது தாளம்தான். ‘லார்க்ஸ் டங்ஸ்’ இரண்டாம் பாகத்தின் தொடக்கக் கிட்டாரைக் கேட்கும்போது கையில் போட்டுப் பாருங்கள்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் பத்து. ‘தகிட’ இரண்டும் முன்னால் தள்ளும், ‘தக’ இரண்டும் பிடித்து நிறுத்தும். நாலு நாலாக எண்ணிக்கொண்டு கேட்டால் எப்போதும் தடுக்கி விழுகிற மாதிரி இருக்கும். பத்தாகப் போட்டுவிட்டால் உடம்பே தானாக ஆடும்.

‘ஸ்டார்லெஸ்’ பாட்டின் நடுப்பகுதியில் பேஸ் பதின்மூன்று எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல் புரூஃபோர்ட் சும்மா இருப்பார், திடீரென்று ஒரு தட்டு, மறுபடியும் சும்மா. எங்கே அடிப்பார் என்று சொல்லவே முடியாது. நம் ஊர் மிருதங்கக்காரர்கள் கேட்டால் ரசிப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

---

புதுவரவு_22

நான் இந்தக் குழுவுக்குப் புதிது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ‘யு.எஸ்.ஏ.’ முதலில் கேட்கலாமா?

---

நீலக்கோடு

கேட்கலாம் தம்பி, தாராளமாக. இதே குழுவின் ‘ரெட்’ தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ‘பிராவிடன்ஸ்’ என்ற பகுதி இதே ஜூன் 30 கச்சேரியில் அந்த நிமிடத்தில் கற்பனையாக வாசித்தது. ஒரே இரவு இரண்டு தட்டுகளில் கிடைக்கிறது.

---

வலம்புரி

‘ஸ்கிட்சாய்ட் மேன்’ பற்றி ஒரு வார்த்தை. 1969இல் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த பாட்டு, நேபாம் நெருப்பு வரிகளிலேயே இருக்கிறது. அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் வாசித்தபோது, அன்றைய துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூவுக்குச் சமர்ப்பணம் என்று ஃபிரிப் மேடையிலிருந்து கிண்டலாக அறிவித்த பதிவு இருக்கிறது. 1973இல் ஆக்னியூ பதவி விலகிவிட்டார். பிராவிடன்ஸில் இதை வாசித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சனும் பதவி விலகினார். அந்தக் கோடையில், அந்த நாட்டிலேயே, இந்தப் பாட்டை வாசிக்கிறார்கள். வெட்டனின் குரலில் இருக்கும் ஆத்திரம் 1969இல் இதைப் பாடிய கிரெக் லேக் குரலில் இல்லாத வகை. எனக்கு இதுதான் அந்தப் பாட்டின் சிறந்த வடிவம். யார் வயலின் வாசித்தார் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

---

தட்டுப்பெட்டி

வலம்புரி, உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1992இல் ‘தி கிரேட் டிசீவர்’ என்று நான்கு சிடி கொண்ட பெட்டி வந்ததே, அதில் பிராவிடன்ஸ் கச்சேரி இருக்கிறது, ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ உட்பட. ‘யு.எஸ்.ஏ.’ தட்டில் வருவதும் அதே இரவு வாசித்ததுதான். அதே கிட்டார், அதே குரல், அதே டிரம்ஸ். ஒன்றில் கிராஸ், மற்றொன்றில் ஜாப்சன். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

ஜாப்சன் உள்ளே வரும்போது வயலின் பளிச்சென்று முன்னால் நிற்கிறது. ஒவ்வொரு சுரமும் கூர்மை, அவசரமே இல்லை. ஏனென்றால் அவர் காதில் எல்லாம் தெளிவாக விழுகிறது. அடுத்த நொடி ஃபிரிப் என்ன செய்யப் போகிறார் என்பதும் டேப்பில் ஏற்கெனவே இருக்கிறது. கிராஸ் வாசிப்பதில் அந்த நிதானம் இல்லை, இருக்கவும் முடியாது. வில்லை அழுத்தித் தேய்க்கிறார், ஒலி கரகரக்கிறது, கிட்டாருக்குள் புகுந்து வெளியே வர வழி தேடுகிறார். எனக்கு அதுதான் மேடை. நான்கு பேர் ஒருவரோடு ஒருவர் இடத்துக்காக மல்லுக்கட்டுவது அதில் கேட்கிறது. இன்னொன்றில் மூன்று பேர் மேடையில், ஒருவர் ஸ்டுடியோவில் என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

---

மழைக்கேசட்

ஒலித்தரம் பற்றிப் பேச்சு வந்ததால் ‘எர்த்பௌண்ட்’ தட்டையும் சொல்லியே ஆக வேண்டும். 1972இல் முந்தைய கிரிம்சன் அமெரிக்காவில் சுற்றியபோது எடுத்தது. ஃபிரிப், பாஸ் பரெல், மெல் காலின்ஸ், இயன் வாலஸ். அதில் ஒரு பகுதியை ஜாக்சன்வில்லில் மழையில், ஒரு வோக்ஸ்வேகன் வண்டியின் பின்புறத்தில் வைத்து சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் பதிவு செய்ததாகத் தட்டின் குறிப்பே சொல்கிறது. ஒலி மோசம் என்று அட்லாண்டிக் கம்பெனி அமெரிக்காவில் வெளியிடவே மறுத்துவிட்டது. இங்கிலாந்தில் மலிவு விலைத் தட்டாக வந்தது.

ஆனால் கேசட்டில் ஓவர்டப் செய்ய வழியில்லை. விழுந்தது விழுந்தபடி. குரல் உடைகிறது, டிரம்ஸ் நசுங்குகிறது, அதற்குள் மெல் காலின்ஸின் சாக்ஸ் கொதிக்கிறது. ‘யு.எஸ்.ஏ.’ நல்ல கருவியில் தனித்தனி ட்ராக்காகப் பதிவானது. அதனால்தான் ஒரு ஆளை மட்டும் கழற்றிவிட்டு இன்னொருவரை மாட்ட முடிந்தது.

இந்த இரண்டு தட்டுமே 2002 வரை சிடியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை பழைய எல்.பி. தேடி அலைய வேண்டும், அல்லது யாராவது கேசட்டில் போட்டுத் தர வேண்டும்.

---

நீலக்கோடு

தனித்தனி ட்ராக் பற்றி மழைக்கேசட் சொன்னது நல்ல புள்ளி. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கிராஸ் இந்தக் குழுவுக்குப் பொருந்தினாரா? 1974 வாக்கில் குழு போய்க்கொண்டிருந்த திசை அது. கனமாக, இரும்பு மாதிரி. மென்மையாக வாசிக்கும் ஒருவர் அதில் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் அது யார் தவறும் இல்லை. ஜூலையில் ‘ரெட்’ பதிவு தொடங்கும்போது அவர் உறுப்பினராக இல்லை. அந்தத் தட்டு எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் இல்லாமல் குழு மெலிந்தா போய்விட்டது?

---

கன்சோல்காரன்

திசை என்று ஒன்று தானாக வந்துவிடாது நீலக்கோடு. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அது திசையாகிவிடும்.

1972இல் இந்தக் குழு கூடியபோது ஐந்து பேர். தாளவாத்தியக்காரர் ஜேமி மியூர் இருந்தார். மணி, சங்கிலி, இரும்புத் தகடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பார். அப்போது வயலினுக்கு நிறைய இடம் இருந்தது. 1973 தொடக்கத்தில் அவர் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் அந்த வெற்றிடத்தைச் சத்தத்தால் நிரப்பினார்கள்.

அதே நேரத்தில் இவர்களுக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆம்ஸ்டர்டாமில் அந்த நவம்பர் இரவில் கிராஸ், வெட்டன், ஃபிரிப் மூவரும் மெதுவாக ஒன்று தொடங்கினார்கள். புரூஃபோர்ட் குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, கடைசிவரை ஒரு அடிகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அதுதான் ‘ட்ரியோ’. வாசிக்காமல் இருந்ததற்காகவே அவர் பெயரையும் இசையமைத்தவர்களோடு சேர்த்தார்கள். அங்கே கிராஸின் வயலினைக் கேளுங்கள், எந்தக் குறையும் சொல்ல முடியாது. அந்த இரவுக்கும் ஆஸ்பரி பார்க்குக்கும் நடுவில் ஏழே மாதம்தான்.

---

ஏழிசை

‘ட்ரியோ’ பற்றிச் சொன்னதும் ‘எக்ஸைல்ஸ்’ ஞாபகம் வந்துவிட்டது. ‘யு.எஸ்.ஏ.’ தட்டில் ஜாப்சன் தொடாத பாட்டு. கிராஸும் சேர்ந்து இயற்றியது, வரிகள் ரிச்சர்ட் பால்மர்-ஜேம்ஸ். மெல்லோட்ரான் படர்ந்து வர, வெட்டன் குரலை இறக்கிப் பாட, வயலின் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு மேலே போகிறது. அந்த ஒரு பாட்டில் மற்ற மூவரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள். அங்கே வாசிப்பவரைக் கேட்டுவிட்டு ‘இவர் தாக்குப்பிடிக்கவில்லை’ என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பின்னாளில் கிராஸ் தன் பெயரில் போட்ட தட்டுக்கு இதே ‘எக்ஸைல்ஸ்’ பாட்டை மறுபடி எடுத்தபோது, பாட வந்தவர் வெட்டன்தான். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

---

வலம்புரி

‘ஆஸ்பரி பார்க்’ பற்றி யாருமே பேசவில்லையே? தட்டின் நடுவில் வரும் கற்பனை வாசிப்பு, ஊர்ப்பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். அந்த ஊர் என்றால் அமெரிக்கர்களுக்குப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நினைவுதான் வரும். எனக்கு இந்த வெட்டன்தான் வருவார். பேஸ் உறுமுகிறது, புரூஃபோர்ட் தாளத்தை விடாமல் பிடிக்கிறார், ஃபிரிப் மேலே நீளமாக இழுத்துக்கொண்டே போகிறார். எழுதி வைத்து வாசிக்கிற இசை அல்ல இது. அன்று இரவு அங்கே பிறந்தது.

அதற்கு அடுத்து வரும் ‘ஈஸி மணி’ நன்றாகச் சூடு பிடிக்கும்போது ஒலியைக் குறைத்து முடித்துவிடுவார்கள். எல்.பி.யில் இடம் இல்லை என்பது புரிகிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

---

புதுவரவு_22

இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழிசை அக்கா சொன்ன ‘தகிட தகிட தக தக’ பிடிபட்டுவிட்டது! இப்போது ஒரு குழப்பம். எதை வாங்குவது? பழைய எல்.பி.யா, 2002 சிடியா, பெரிய பெட்டியா?

---

மழைக்கேசட்

பழைய எல்.பி. கிடைத்தால் விலையைப் பார்த்து வாங்குங்கள், உறையும் ஒலியும் தனி அனுபவம். முதலில் கேட்க 2002 சிடி போதும். எல்.பி.யில் இல்லாத ‘ஃபிராக்சர்’, ‘ஸ்டார்லெஸ்’ இரண்டும் கடைசியில் சேர்ந்திருக்கின்றன. ஜாப்சன் ஓவர்டப் அதில் அப்படியே இருக்கும். 2013இல் வந்த ‘தி ரோட் டு ரெட்’ பெட்டி அந்த அமெரிக்கப் பயணத்தையே கச்சேரி கச்சேரியாகத் தருகிறது. இருபதுக்கு மேல் சிடி. அது இப்போது வேண்டாம், கை கடிக்கும். ஆஸ்பரி பார்க் கச்சேரி மட்டும் போதும் என்றால், ஃபிரிப்பின் டி.ஜி.எம். நிறுவனம் முழுதாகவே தரவிறக்கமாக வெளியிட்டிருக்கிறது. அதில் கிராஸ் வாசித்தது கிராஸ் வாசித்தபடியே இருக்கிறது.

---

நீலக்கோடு

தட்டுப்பெட்டி, நீங்கள் சொன்னபடி பிராவிடன்ஸ் வடிவத்தையும் தட்டு வடிவத்தையும் நேற்று அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். தட்டு வடிவம்தான் எனக்கு இன்னும் பிடிக்கிறது. அதில் இருக்கும் இறுக்கம் பிராவிடன்ஸில் இல்லை. ஜாப்சன், வெட்டன், புரூஃபோர்ட் மூவரும் பின்னால் ‘யு.கே.’ குழுவில் சேர்ந்தார்களே, அந்த ஒலியின் முதல் கீற்று இங்கேயே கேட்கிறது என்றுகூடச் சொல்வேன். ஆனால் கிராஸ் உள்ளே வரும் இடத்தில் என் காது தானாக அவர் பக்கம் திரும்புகிறது. அது உண்மை.

---

தட்டுப்பெட்டி

பிடிக்கட்டும், அதில் சண்டையே இல்லை. இன்னும் ஒரே ஒரு பாட்டு மட்டும் கேட்டுப் பாருங்கள்: 2002 சிடியில் சேர்த்த ‘ஸ்டார்லெஸ்’. ‘ரெட்’ தட்டில் அந்தப் பாட்டின் தொடக்க மெட்டை ஃபிரிப்பின் கிட்டார் வாசிக்கும், கேட்ட எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்னால், இந்தப் பயணம் முழுக்க, அதை வாசித்தது கிராஸின் வயலின். பாட்டை இயற்றியவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆஸ்பரி பார்க்கில் அந்த மெட்டு வரும்போது டிரம்ஸ் அடங்கியிருக்கிறது, அவருக்குத் தன் வயலின் நன்றாகவே கேட்டிருக்கிறது. கன்சோல்காரன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுருதியைக் கவனியுங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள் நீலக்கோடு, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.